கொடுக்காப்புளிக்கு, யீஷூனிலிருந்து

அன்புள்ள கொடுக்காப்புளிக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்குச் சித்திரை பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டு. ஆசை தீரத் திட்டிவிட்டு மேலே படி. இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. பெரியவன் தேசிய சேவையில், அதுதான் கட்டாய ராணுவப் பயிற்சியில், இருக்கிறான். வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை போய்விடுகிறான். வாட்ச் கடைப் பெரியப்பா இன்னும் அதே ஸ்கூட்டரில்தான் போகிறாரா?

இப்போது எழுத உட்கார்ந்தது உன் மகளுக்காக. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, தோழிகளோடு வீடு எடுத்து, ராத்திரியே சோறு வடித்து வைத்துவிட்டுக் காலையில் அதை ஃபிரைடு ரைஸாக வறுத்து டப்பாவில் கட்டிக்கொண்டு ஓடுகிறாள் என்று போன மாதம் ஃபோனில் பெருமையாகச் சொன்னாய். நான் "சரி, சரி" என்று வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். அதற்கு முந்தின வாரம்தான் இங்கே அந்தச் சம்பவம் நடந்திருந்தது. அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் எழவில்லை.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு வைத்த சோறு நிறைய மிச்சம். ரைஸ் குக்கரை அணைத்து, மூடியபடியே மேடையில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலை ஐந்தரைக்கு அதில் முட்டை உடைத்து ஊற்றி, பெலாச்சான் என்கிற இறால் விழுது சேர்த்து, வெங்காயத்தாள் தூவி, மலாய்க்காரர்களின் ஃபிரைடு ரைஸான நாசி கோரெங் கிளறி அவருக்குக் கட்டிக்கொடுத்தேன். சோற்றில் கெட்ட வாடை இல்லை, நூல் விடவில்லை, பிசுபிசுப்பும் இல்லை. பன்னிரண்டரைக்குப் பட்டறையில் சாப்பிட்டவர் இரண்டரைக்கு வாந்தி எடுக்க ஆரம்பித்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கிளினிக்கில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது, சட்டை முழுக்க வியர்வை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. மடியில் அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நேற்றைய சோற்றை வறுத்துச் சாப்பிட்டாரா?" டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அரிசியோடு வித்தாக ஒட்டிக்கொண்டு வருகிறது. உலை கொதித்தாலும் வித்து சாவதில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சோறு மணிக்கணக்காக வெதுவெதுவென்று கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. கொடுமை என்னவென்றால், அந்த நஞ்சு காலையில் எவ்வளவு தீயில் வறுத்தாலும் அழியாது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்தபோதுதான் இந்தத் தொடர்பு பிடிபட்டதாம். அவர் மறுநாள் மாலைக்குள் தெளிந்துவிட்டார். நான்தான் ஒரு வாரம் அடுப்பங்கரைக்குள் நுழையவே பயந்தேன்.

ஆகவே உன் மகளிடம் இன்றே சொல். ராத்திரிச் சோறு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறி இறுகிய சோற்றில்தான் ஃபிரைடு ரைஸ் உதிரி உதிரியாக வரும். ஆனால் வடித்த கையோடு அகலத் தட்டில் மெல்லப் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஆழமான டப்பாவில் அமுக்கி வைத்தால் நடுச்சோறு ராத்திரி பாதி வரை சூடாகவே இருக்கும். காலையில் ஆவி பறக்க வறுத்து, அலுவலகத்தில் ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் இருந்தால் எடுத்துப் போகட்டும். இல்லையென்றால் சென்னை வெயிலில் மதியம் ஒரு மணி வரை அது கிடக்க வேண்டாம். நீ பதறுவாய் என்று தெரியும். பதறு, ஆனால் அவளைத் திட்டாதே. சமைக்கிற ஆசை விட்டுப்போகும்.

இதற்கு நடுவில் அத்தை ஒரு கேள்வி கேட்டார்கள். "ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் தின்றுதானே நாங்கள் வளர்ந்தோம். எங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?" எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். தண்ணீருக்குள் கிடக்கும் சோறு இரவெல்லாம் புளிக்கிறது. புளிப்பு ஏற ஏற இந்த மாதிரிக் கிருமிகள் தலையெடுக்கத் திணறுகின்றன. குக்கரில் மூடிக் கிடந்த சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு, கொடுக்காப்புளி. கட்டுச்சோற்றுக்கு ஏன் புளியோதரை? கல்லணைக்குப் போனபோது உன் அம்மா வாழை இலையில் கட்டிக்கொடுத்தார்களே, மாலை வரை ஒரு பருக்கை கெடவில்லை. (அங்கே நீ செய்ததை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.) புளி, உப்பு, மேலே மிதக்க மிதக்க நல்லெண்ணெய். ருசிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு டப்பாவாக எட்டிப் பார்க்கிறேன், எல்லார் வீட்டிலும் இதே கதை! ஜப்பானியர் ஒருவர் வெள்ளைச் சோற்றின் நடுவில் உப்பிலிட்ட ஒரே ஒரு சிவப்புப் பழத்தை அழுத்தி எடுத்து வருகிறார். பார்த்தால் அவர்கள் நாட்டுக் கொடி மாதிரியே இருக்கும். வாயில் வைத்தால் நம் உப்பு நார்த்தங்காய் தோற்றுவிடும், அப்படி ஒரு புளிப்பு. மலாய்க்கார அக்கா ரெண்டாங் என்கிற கறி வறுவல் கொண்டுவருவார்; தேங்காய்ப்பால் முழுக்க வற்றி, எண்ணெய் பிரிந்து, கறி கருகருவென்று ஆகும் வரை மூன்று மணி நேரம் அடுப்பில் நிற்பாராம். கொரியாவின் கிம்பாப்பில், அதாவது கடற்பாசித் தாளில் சுருட்டும் சோற்றில், சோற்றுக்கு எண்ணெய் பிசைகிறார்கள், அதுவும் நம் எள் எண்ணெய்தான்! ஆனால் எள்ளை நன்றாக வறுத்து ஆட்டுவதால் கருந்தேன் நிறத்தில் இருக்கும். அதில் தாளிக்கக் கூடாது. கடைசியில் ஒரு கரண்டி விட்டாலே வீடெல்லாம் எள்ளுருண்டை வாசம்.

என் மனதைப் பிடித்தது மணிலாவிலிருந்து வந்த தோழியின் அடோபோ. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்துச் சமையல். காடியில், அதாவது வினிகரில், வேகவைத்த கோழி. காடிக்கு அவர்கள் மொழியில் "சுக்கா" என்று பெயர். முதல் நாள் நான் மதுரைச் சுக்காவை நினைத்து நாக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கே கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரைக்கிலோ கோழிக்கு அரைக் கப் வினிகர், மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், தட்டிய பூண்டு பத்துப் பல், முழு மிளகு ஒரு தேக்கரண்டி, பிரிஞ்சி இலை இரண்டு. எல்லாவற்றையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றிவிட்டு, நான் கரண்டியை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வினிகர் ஒரு கொதி வரும் வரை கிளறவே கூடாதாம். கிளறினால் பச்சைக் காடி வாடை கடைசி வரை நிற்குமாம். மூக்கைத் துளைக்கிற நெடி முதலில் வந்தது. பத்து நிமிடத்தில் அது அடங்கி, பூண்டும் மிளகும் மேலே வந்தன. அரை மணியில் குழம்பு சுண்டிக் கோழி மேல் பளபளவென்று ஒட்டிக்கொண்டது. மறுநாள் இன்னும் நன்றாக இருந்தது, நம் வீட்டு மீன்குழம்பு மாதிரியே.

உன் மகளுக்கு இதுதான் சரி. ஞாயிறு செய்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டால் புதன் வரை வரும். காலையில் வேண்டியதை மட்டும் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணி, சோற்றை மட்டும் புதிதாக வடித்து, தனித்தனி டப்பாவில் எடுத்துப் போகட்டும்.

நீ எடுத்து ருசி பார்க்காதே, உனக்குப் பிரஷர். சிரிக்காமல் கேள். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 2,000க்குள் இருக்கச் சொல்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று உன் அண்ணி சொன்னார்கள். ஏன்? தலைசுற்றல் இல்லை என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமா? இந்த வாரமே டாக்டரிடம் போய்விட்டு எனக்கு எழுது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவர் இப்போது மறுபடியும் டப்பா எடுத்துப் போகிறார். முதல் நாள் கொடுக்கும்போது என் கை நடுங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாயங்காலம் கழுவிய டப்பாவை மேசை மேல் வைத்தார்.

வைகாசி முகூர்த்தத்துக்குச் சின்ன மாமா திருச்சி வருகிறார். இங்கே தேக்கா சந்தையில் வாங்கிய வறுத்த எள் எண்ணெய் ஒரு பாட்டிலும், உன் மகளுக்கு அடுக்கு டப்பா ஒன்றும் கொடுத்தனுப்புகிறேன். பாட்டிலை விளக்குக்கு ஊற்றிவிடாதே. வரும்போது மாமாவிடம் உன் அம்மா கைப் புளிக்காய்ச்சல் ஒரு சீசா கொடுத்தனுப்பு. மணிலாத் தோழிக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன்,
நாவற்பழம்