உடுக்குறியைத் தொடாதீர்கள்

மொழியியல் நூல்களையும் ஆய்விதழ்களையும் வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கும் பக்க வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். அண்மையில் வெளியான ஒரு தொடரியல் கட்டுரையில் எடுத்துக்காட்டுகளுக்கு முன்னால் இருந்த உடுக்குறிகள் (*) மொத்தமாகக் காணாமல் போயிருக்கின்றன. ‘*நான் வந்தான்’ என்று எழுதப்பட்டது ‘நான் வந்தான்’ என்று அச்சாகியிருக்கிறது. தமிழர் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள் என்று காட்ட வைத்த வாக்கியம், பேசலாம் என்று சான்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. கட்டுரையின் வாதம் முழுவதும் அந்த ஒரு குறியை நம்பி இருந்தது.

எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே பத்தியில் இரண்டு உடுக்குறி வந்தால் சில மென்பொருள்கள் இடைப்பட்டதைச் சாய்வெழுத்தாக்கிக் குறிகளை விழுங்கிவிடும். தப்பியதை அடிக்குறிப்பு என்று நினைத்து யாராவது சொல்லின் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். வரலாற்று மொழியியலில் அதே குறிக்கு வேறு வேலை. ‘*கெவி > செவி’ என்றால், கெவி எந்த ஏட்டிலும் கிடைக்காத, ஆய்வாளர்கள் ஊகித்து மீட்டுருவாக்கிய தொல்திராவிட (திராவிட மொழிகளின் மூலமொழி) வடிவம். குறி விழுந்தால் அது வழக்கில் இருந்த சொல்லாகிவிடும். அடுத்து எழுதுபவர் அதை அப்படியே எடுத்தாள்வார்.

கேட்பது ஒன்றுதான்: கட்டுரையாளர் இட்ட குறியை அவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

சீர்மைக்காக, ஒலியனை (பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகை) காட்டும் / / எல்லாவற்றையும் உண்மையான ஒலிப்பைக் காட்டும் [ ] ஆக்குவதும் இதே கேடுதான். ‘பம்பரம்’ என்பதில் முதல் பகரம் அதிராமலும் அடுத்தது அதிர்ந்தும் ஒலிக்கின்றன. ஒலி இரண்டு, ஒலியன் ஒன்று. அந்த வேறுபாட்டைக் காட்டத்தான் இரண்டு அடைப்பு. எழுத்தைக் காட்டும் ⟨ ⟩ இருந்த இடத்தில் < > இட்டு உள்ளே ரோமன் எழுத்தை வைத்தால், இணையப் பக்கம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு மறைத்துவிடும். ஒலிக்குறியீட்டில் நெடில் குறியான ː முக்காற்புள்ளி (:) அல்ல. ‘வ-ந்த்-ஆன்’ என்று உருபன் (பொருள் தரும் மிகச்சிறு கூறு) பிரித்த வரியில் எத்தனை சிறுகோடோ, அத்தனையே கீழே பொருள் வரியிலும் இருக்கவேண்டும் என்பது, எடுத்துக்காட்டுகளுக்குப் பொருள் எழுத மொழியியலாளர்கள் பின்பற்றும் லைப்சிக் விதி. வரி மடங்கும்போது மென்பொருள் தானாகச் சேர்க்கும் கோடு அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். எடுத்துக்காட்டு வரிகளுக்கு மட்டுமாவது அந்த வசதியை நிறுத்திவையுங்கள்.

தமிழில் ஒற்றுப்பிழை பார்த்துவிட்டால் மெய்ப்பு முடிந்தது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. கணிதமும் வேதியியலும் இதே பாடுதான் படுகின்றன. துறைநூல் தமிழில் வரவில்லை என்று மேடையில் வருந்துகிறோம். வந்ததையாவது சிதைக்காமல் தரவேண்டாமா?

பொறுத்தருளுங்கள். மீண்டும் பணிவோடு கேட்கிறோம்: குறிகளை மாற்றாதீர்கள். மூலப்படியிலும் மெய்ப்பிலும் உடுக்குறிகளை எண்ணி ஒப்பிடுங்கள். அச்சுக்குப் போகும் கடைசிப் படியைக் கட்டுரையாளருக்கு அனுப்புங்கள். மேற்சொன்ன கட்டுரைக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

அன்புடன்,
மொழியியல் கட்டுரையாளர்கள் சிலர்