ஒரு வருகைக்கு ஒரே கருத்து போதும்: மரபுத் தலங்களில் பள்ளிப் பார்வைகளை நடத்துவோருக்குத் திறந்த மடல்

மொரீஷியஸ் தீவின் மரபுத் தலங்களில் விளக்கப் பணிக்கும் கல்வித் திட்டங்களுக்கும் பொறுப்பேற்றிருக்கும் அம்மையீர், ஐயன்மீர்,

வணக்கம். ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நினைவு நாளான நவம்பர் 2 நெருங்கிவிட்டால் பள்ளிப் பேருந்துகள் எல்லாம் போர்ட் லூயி துறைமுகத்தை நோக்கித் திரும்பும். அந்தத் தொழிலாளர் கரையிறங்கிய குடியேற்ற நிலையமான ஆப்ரவாசி காட் (Aapravasi Ghat) தலத்தின் மையப் பகுதி மொத்தமே 1,640 சதுர மீட்டர். அதற்குள் இரண்டு பள்ளிகள் சேர்ந்து நின்றாலே பின்வரிசைப் பிள்ளைக்கு முன்னால் நிற்பவனின் முதுகுதான் தெரியும். பக்கத்து நெடுஞ்சாலை இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழாது. குறையை எந்தத் தலத்தின் மேலும் போட வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே வாரத்தைக் கேட்பதால் வரும் வினை இது. அந்த வாரத்தை விழாவுக்கு விட்டுவிட்டு, பாடத்துக்கான பார்வைகளை மே முதல் செப்டம்பர் வரை பரப்புங்கள். வெயிலும் குறைவு, சூறாவளிப் பயமும் இல்லை. முதல் பருவத்தில் வந்தே தீர வேண்டிய பள்ளிக்கு, முன்பதிவுத் தாளிலேயே மாற்று நாளையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சூறாவளி எச்சரிக்கை வந்தபின் தேதி தேடினால் அந்த ஆண்டு பார்வை நடக்காது.

நாள் குறிப்பதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பல தலங்களில் வழிகாட்டி வாயைத் திறந்ததும் 1834, அட்லாஸ் கப்பல், 36 பேர், ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், 1920, யுனெஸ்கோ, 2006 என்று மூச்சுவிடாமல் கொட்டிவிடுகிறார். பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார்கள். கண் தாளில் இருக்கிறது, கல்லில் இல்லை. அந்த எண்கள் பாடநூலிலேயே கிடைக்கும். அதற்காக ரோஸ் ஹில்லிலிருந்து பேருந்து வைத்து வர வேண்டாம்.

எங்கள் வேண்டுகோள் இதுதான்: ஒவ்வொரு பள்ளிப் பார்வைக்கும் ஒரே கருத்தை முழு வாக்கியமாக எழுதி வையுங்கள். ‘ஒப்பந்தக் கூலிமுறை’ என்பது தலைப்பு, கருத்தாகாது. ‘இங்கே இறங்கியவர்களை அரசு எண்ணிட்டுப் பதிந்தது, அவர்களைக் கட்டுப்படுத்த எழுதிய அதே பதிவேட்டை வைத்துத்தான் பேரப்பிள்ளைகள் இன்று அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்’ என்பது கருத்து. இந்த வாக்கியம் கையில் இருந்தால் எந்த இடத்தில் நிற்பது, எதைத் தாண்டிப் போவது, எந்த எண்ணைச் சொல்வது என்பதெல்லாம் தானே முடிவாகும். அந்தக் கருத்துக்கு உதவாத செய்தி எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். வழிகாட்டிகளுக்கு இதுதான் கடினம். தெரிந்ததைச் சொல்லாமல் விட மனம் வராது.

ஆப்ரவாசி காட் தலத்தையே எடுத்துக்கொண்டால், நேரம் எழுபது நிமிடம் போதும். ஒரு வழிகாட்டிக்கு 15 பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். முப்பது பேர் கொண்ட வகுப்பு என்றால் இரண்டு குழு. ஒன்று, கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஏறி வந்த படிக்கட்டில் தொடங்கட்டும், மற்றது ஆவண மேசையில். ஒவ்வொரு குழுவோடும் ஓர் ஆசிரியர் வர வேண்டும். அவருக்கும் வேலை கொடுங்கள். சும்மா விட்டால் நிழலில் நின்று தொலைபேசி பார்ப்பார். முதல் பத்து நிமிடம் நிழலில்: தண்ணீர், கழிப்பறை, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது. இதைக் கடைசிக்குத் தள்ளினால் நடுவில் நாலு பேர் எழுந்து போவார்கள், கூடவே இன்னும் நாலு பேர் போவார்கள். பிறகு படிக்கட்டில் பதினைந்து நிமிடம், மருத்துவமனைப் பகுதியிலும் சமையற்கட்டு எச்சங்களிலும் பதினைந்து, ஆவண மேசையில் இருபது, கேள்விகளுக்குப் பத்து.

படிக்கட்டில் வழிகாட்டி முதல் இரண்டு நிமிடம் பேசவே கூடாது. படிகளை எண்ணச் சொல்லுங்கள். எந்தப் படியின் எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் கப்பலில் ஆடிய கால்கள், கையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. எப்படி ஏறியிருப்பார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஐந்து விநாடியாவது காத்திருங்கள். பதிலைத் தாமே சொல்லிவிடுவது வழிகாட்டிகளின் பொதுவான பழக்கம். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். சுவர்களில் ஏற விடாதீர்கள். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்தால் அதே சாந்தால்தான் பூச வேண்டும். அவசரத்துக்குச் சிமெண்ட் வைத்தால் ஈரம் உள்ளே அடைபட்டுக் கல்லையே அரிக்கும். இதையும் பிள்ளைகளிடம் ஒரு வரியில் சொல்லலாம், விதி ஏன் இருக்கிறது என்று புரிந்தால் கேட்பார்கள்.

இப்போது ஆவண மேசைக்கு வருவோம். பார்வையின் உயிர் அங்கேதான். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் காக்கப்படுகின்றன. தக்க அனுமதியோடு சில பக்கங்களின் நகல் பெற்று, ஏ3 அளவில், பளபளப்பில்லாத தாளில் அச்சிடுங்கள். பளபளப்புத் தாள் வெயிலில் கண்ணாடிபோல் மின்னும், ஒன்றும் படிக்க முடியாது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தாள் வீதம் 15 பேருக்கு ஐந்து தாள். அந்தக் காலத்து எழுத்தரின் கையெழுத்து பத்து வயதுப் பிள்ளைக்குப் பிடிபடாது. பக்கத்தில் தட்டச்சுப் படி வையுங்கள். ஆனால் பெயர், வயது, ஊர் ஆகிய மூன்று கட்டங்களை மட்டும் தட்டச்சுப் படியில் வெறுமையாக விடுங்கள். அதைக் கையெழுத்திலிருந்து தாங்களே கண்டுபிடிக்கும்போதுதான் அந்தப் பெயர் அவர்கள் மனதில் ஆளாகிறது. செயல்தாளில் நான்கே கேள்விகள்: யார், எங்கிருந்து, எந்தக் கப்பல், எந்தத் தோட்டம். ஐந்தாவதாக ஒன்று, பதில் இல்லாதது: இந்தத் தாளில் எது எழுதப்படவில்லை?

இங்கே மூன்று எச்சரிக்கைகள். பதிவேட்டில் சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. தொடக்கப்பள்ளி நகல்களில் அதை மறைத்துவிடுங்கள். மறைத்ததையும் அதன் காரணத்தையும் வழிகாட்டிக் குறிப்பில் எழுதுங்கள். இடைநிலைப் பள்ளிக்கு மறைக்காமல் காட்டி, காலனி அரசு அதை ஏன் கேட்டது என்று பேசலாம். அடுத்து, வகுப்பில் உள்ள பிள்ளையின் சொந்தக் குடும்பப் பக்கத்தை வீட்டாரைக் கேட்காமல் எல்லார் முன்னும் விரிக்காதீர்கள். மூன்றாவது, புகைப்படங்கள். அவை ஆளை அடையாளம் கண்டு கட்டுக்குள் வைக்க எடுக்கப்பட்டவை. அதைச் சொல்லாமல் சுவரில் பெரிதாக மாட்டினால் நினைவுக்காக எடுத்த குடும்பப் படம் என்றே பிள்ளை எண்ணும்.

தமிழ் மாணவர்களை அழைத்து வரும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது: தீவின் தமிழர் எல்லோரும் இந்தப் படிக்கட்டு வழியே வந்தவர்கள் என்று சொல்லிவிடுவது. ஆளுநர் லா பூர்தொனே 1735 முதல் 1746 வரை ஆண்ட காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வந்து போர்ட் லூயியைக் கட்டினார்கள். பிரெஞ்சுக் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களும் உண்டு. வணிகர்கள் தனி. இவர்களையெல்லாம் ஒரே கூட்டமாகக் கலக்கக் கூடாது. அதேபோல் அட்லாஸ் கப்பலின் 36 பேர் கல்கத்தாவிலிருந்து வந்தவர்கள். நம் ஊர்ப் பெயரை அவர்கள் தலையில் ஏற்ற வேண்டாம். அவர்கள் வந்தது 1834இல். குடியேற்ற நிலையம் இவ்விடத்தில் எழுந்தது 1849இல். இந்த அறைகளில்தான் அவர்களைப் பதிந்தார்கள் என்று சொன்னால் கணக்கு உதைக்கும். கூர்மையான ஆறாம் வகுப்புப் பிள்ளை கழித்துப் பார்த்துக் கேட்டுவிடும்.

கட்டாயம் வரும் இன்னொரு கேள்வி: கூலி என்றால் அடிமையா? வகுப்பில் அடிமைகளின் வழிவந்த கிரியோல் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் பட்ட பாடு பெரிது என்று போட்டி வைப்பதுபோல் பதில் அமைந்துவிடக் கூடாது. வழிகாட்டி கையில் இப்படி ஒரு பதில் ஆயத்தமாக இருக்கட்டும்: அடிமை விற்கப்பட்டார், அவர் பிள்ளையும் சொத்தாயிற்று. 1835இல் அடிமை முறை ஒழிந்தது. அதன்பின் வந்த பயிற்சிக்காலம் என்ற கட்டாய உழைப்பு 1839இல் முடிந்தது. விடுதலையாகும் அடிமைகளின் இடத்தை நிரப்பத்தான் 1834 முதலே ஒப்பந்தத் தொழிலாளரைக் கொண்டுவந்தார்கள். இவருக்கு ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு, அரிசி பருப்பு உண்டு. ஆனால் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடித்தம். அனுமதிச் சீட்டு இல்லாமல் சாலையில் நடந்தால் சிறை. 1871இல் அடோல்ப் தெ பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியத் தோட்டக்காரர், ஒப்பந்தக்காலம் முடித்த பழைய குடியேறிகள் 9,401 பேரின் முறையீட்டை ஆளுநரிடம் கொடுத்தார். அவருக்குத் துணை நின்றவர் ராஜரத்தினம் முதலியார். அடுத்த ஆண்டே அரச விசாரணைக் குழு வந்தது. பாடுபட்டவர்கள் வாய்மூடி இருக்கவில்லை என்பதும் பதிலில் சேர வேண்டும்.

இன்னொரு மரபுத் தலமான லெ மோர்ன் மலையில் இதே கவனம் வேறு வடிவில் தேவை. விடுதலைச் செய்தி சொல்ல வந்தவர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து, தப்பி ஒளிந்திருந்த அடிமைகள் உச்சியிலிருந்து குதித்தார்கள் என்பது வாய்மொழி மரபு. அதை வாய்மொழி மரபு என்றே சொல்லுங்கள். அதன் வலு சிறிதும் குறையாது. பொதுவாகவே வழிகாட்டிகள் மூன்று தொடர்களைப் பிரித்தாளப் பழக வேண்டும்: ‘ஆவணத்தில் இருக்கிறது’, ‘மக்கள் சொல்லி வருகிறார்கள்’, ‘நாங்கள் ஊகிக்கிறோம்’. 2008இல் மரபுத் தலங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இக்கோமாஸ் ஏற்ற விளக்கப்பணிச் சாசனமும் ஆய்வு, வாய்மொழி இரண்டையும் ஆதாரமாகக் கொள்கிறது.

மொழி பற்றி. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி, பாடநூல் ஆங்கிலம், தமிழ் ஒரு பாடவேளை. அவர்களை நிற்க வைத்து மேடைத் தமிழில் உரையாற்றினால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். வழிகாட்டி கிரியோலிலேயே பேசட்டும். பார்வைக்கு ஒரு வாரம் முன்பு தமிழாசிரியர் பத்துப் பன்னிரண்டு சொற்களை மட்டும் வகுப்பில் பழக்கட்டும்: கப்பல், துறைமுகம், படிக்கட்டு, பதிவேடு, ஒப்பந்தம், சம்பளம், சீட்டு, தோட்டம் என்று. தலத்தில் அந்தப் பொருள் எதிரில் வரும்போது பிள்ளையே சொல்லட்டும்.

விளக்கப் பலகையில் தமிழ் சேர்ப்பவர்கள் அச்சகத்தை நம்பி விட்டுவிடாதீர்கள். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியே தொங்கும். கணினிக் கோப்பில் சரியாக இருந்தது பலகையில் உடைந்திருக்கும். ஆகவே மெய்ப்பை அச்சான தாளில், தமிழ் படிக்கத் தெரிந்தவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தமிழ்ச் சொல் நீளமானது, எழுத்துக்கு மேலும் கீழும் குறி வரும். ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய அதே பெட்டிக்குள் திணித்தால் எழுத்து சிறுத்து வரிகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு பலகைக்கு ஐம்பது சொல் என்று எழுதினால் எந்த மொழிக்கும் இடம் இருக்கும். கடற்கரைத் தலம் என்றால் உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத திருகாணி போட்டு, சூறாவளிக்குக் கழற்றி வைக்க வசதியாக மாட்டுங்கள்.

பணம் ஒதுக்கும்போது பலகைக்கும் திரைக்கும் முன்னால் வழிகாட்டியை நினையுங்கள். புதியவர் மூன்று பார்வைகளில் கூடவே நடக்கட்டும், இரண்டை மூத்தவர் கண்காணிக்க நடத்தட்டும், பிறகு தனியே. கண்காணிப்பவர் தாளில் இரண்டே எண்ணிக்கை: வழிகாட்டி கேட்ட கேள்வி எத்தனை, பிள்ளைகள் கேட்டது எத்தனை. இரண்டாவது எண் பூச்சியமென்றால் பேச்சு மிகுந்துவிட்டது. தயாரிப்பு நேரத்துக்கும் கூலி கொடுங்கள். சிறப்புப் பார்வை ஒன்றுக்குத் தயாராக ஒரு மணி நேரமாவது ஆகும், அதை இலவசமாக எதிர்பார்ப்பது முறையல்ல.

மதிப்பீட்டுத் தாளை அன்றே நீட்டினால் எல்லாரும் ‘நன்றாக இருந்தது’ என்று எழுதிவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து வகுப்பில் கேளுங்கள்: அங்கே பார்த்த ஒரு பொருளைச் சொல், அது எதைக் காட்டுகிறது என்று எழுது. முப்பது பேரில் பாதிப் பேராவது நீங்கள் எழுதி வைத்த அந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தால் பார்வை பலித்தது. பாடநூல் எண்களே திரும்பி வந்திருந்தால் வழித்தடத்தை மாற்றுங்கள், பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டாம்.

செயல்தாள்களின் தமிழ்ப் படியை எழுதித் தரவும், பலகை மெய்ப்புகளைப் பார்த்துத் தரவும், வழிகாட்டிகளோடு உட்கார்ந்து கேள்வி பதில் ஒத்திகை நடத்தவும் நாங்கள் ஆள் தருகிறோம். ஜனவரியில் பள்ளி திறக்கும் முன் உங்கள் முடிவைத் தெரிவித்தால், ஐந்தாம் வகுப்புத் தமிழ்க் குழுக்களோடு மே மாதத்தில் முதல் பார்வையைத் தொடங்கலாம்.

இங்ஙனம்,
தமிழாசிரியர்களும் தல வழிகாட்டிகளும்