ஒரு மணி நேர உரைகளுக்கும் இடம் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மாணவர்கள் பார்க்க வேண்டிய அறிவியல் வீடியோக்கள் என்று சென்ற இதழில் நீங்கள் தந்த பட்டியலில் எல்லாமே ஐந்து, பத்து நிமிடத்தில் முடிகிறவை. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கரும்பலகை முன் நின்று ஒரு மணி நேரம் நிதானமாகப் பேசுகிற உரை ஒன்றுகூட இல்லாதது பெரிய குறை.

அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1964இல் அந்நாட்டின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய ஏழு உரைகளை பிபிசி படம்பிடித்து வைத்தது. 2009இல் பில் கேட்ஸ் முயற்சியால் அவை இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. முதல் உரை ஈர்ப்பு விதி பற்றியது. அதில் வியாழனின் நிலவுகளைப் பற்றிப் பேசும் இடத்தை அவசியம் பார்க்க வேண்டும். கணக்குப்படி வர வேண்டிய நேரத்துக்கு அவை சில சமயம் எட்டு நிமிடம் முந்துகின்றன, சில சமயம் எட்டு நிமிடம் பிந்துகின்றன. வியாழன் பூமிக்குப் பக்கத்தில் இருந்தால் முந்துகின்றன, தூரத்தில் இருந்தால் பிந்துகின்றன. அப்படியானால் விதி தப்பா? இல்லை, நிலவுகள் நேரத்துக்குத்தான் வருகின்றன, அங்கிருந்து ஒளி நம்மிடம் வந்து சேரத்தான் நேரமாகிறது என்று கண்டுகொண்டார் டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமர். (ரோமர் இதைச் சொன்னது 1676இல், ஈர்ப்பு விதியைச் சொல்லும் நியூட்டனின் நூல் வந்தது 1687இல். ஃபைன்மன் வரிசையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார். அதனால் கருத்துக்கு ஒரு குறையும் இல்லை.) அந்தச் சந்தேகம் மனதில் ஊறுவதற்கு நேரம் வேண்டும். இதையே ஒரு நிமிடத்தில் சொன்னால் விடை மட்டும்தான் கையில் மிஞ்சும்.

சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் இயற்பியல் வகுப்புகளும் ஐஐடிகளின் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லில் முழுசாக இருக்கின்றன. கல்லூரியில் இயற்பியல் எடுத்த பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அவற்றைத்தான்.

மொழிதான் தடை. ஃபைன்மனின் நியூயார்க் ஆங்கிலம் தமிழ்வழியில் படித்த பிள்ளையை முதல் ஐந்து நிமிடத்திலேயே விரட்டிவிடும். அதனால் கேட்கிறேன்: இதழுக்கு ஓர் உரை என்று அரைப் பக்கம் ஒதுக்குங்கள். உரை எந்தக் கேள்வியைப் பற்றியது, எந்த நிமிடத்தில் கவனமாக இருக்க வேண்டும், எந்தக் கலைச்சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று தமிழில் எழுதினால் போதும், பிள்ளைகள் தாங்களாகவே பார்த்துவிடுவார்கள். எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
தென்காசி