கருப்பட்டி விற்கும் அண்ணாச்சிமார்களுக்கு

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

உடன்குடியில் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறவர்கள், பாக்கெட் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறவர்கள், நாலுவழிச் சாலை ஓரத்தில் 'கருப்பட்டி காபி' என்று பலகை வைத்திருப்பவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என் ஐயா போன ஆவணியில் தவறிவிட்டார். (எங்கள் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.) எழுபத்தெட்டு வயது. அதில் நாற்பத்தைந்து வருஷம் பனையேறினார். மரத்திலிருந்து விழாமல், கட்டிலில் படுத்து, பேரப்பிள்ளைகள் கையால் பால் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். ஒரு பனையேறிக்கு இதைவிடக் கொடுப்பினை வேண்டுமா என்று துட்டி கேட்க வந்தவர்கள் சொன்னார்கள்.

வந்தவர்களுக்குக் கடுங்காப்பி கொடுக்க வேண்டுமே என்று என் மகன் டவுனுக்குப் போய் இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கி வந்தான். அழகான பாக்கெட். மேலே பனையேறும் ஒருவரின் படம். காப்பி போட்டு முதல் தம்ளரை அம்மாவிடம் நீட்டினேன். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தவள். ஒரு வாய் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"சீனி" என்றாள்.

அதற்குமேல் குடிக்கவில்லை. துட்டி வீட்டில் இதைப் பெரிதுபடுத்த முடியுமா? மற்றவர்கள் குடித்தார்கள்.

ஐயாவுக்கு மாசியில் வேலை சூடு பிடித்தால் ஆடி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை, நல்ல நாள் எதுவும் கிடையாது. நாலு மணிக்கே இருட்டில் கிளம்பிவிடுவார். தோளில் மரத்தில் சாத்தி மிதித்து ஏற முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் ஏறும்போது இரண்டு காலையும் பிணைக்கிற தளைநார். காலையில் ஏறி இறக்கியது போதாது, சாயங்காலமும் ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். சீவாமல் விட்டால் பதநீர் நின்றுவிடும். காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூட, "பாளை காய்ந்துபோகும்" என்று எழுந்து போனவர். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதை யாரிடமும் விடமாட்டார். குறைந்தால் புளித்துக் கள்ளாகிவிடும், கூடினால் வாய் வெந்துவிடும். அந்த அளவு அவர் விரலில் இருந்தது.

என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது தாத்தா ஏறியதைக் கணக்குப் போட்டான். நாற்பது மரம், ஒரு மரம் நாற்பது அடி என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு வேளைக்கு 3,200 அடி. "தாத்தா, தினமும் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நேராக வானத்துக்கு ஏறியிருக்கீங்க!" என்று கத்தினான். ஐயா வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏறினது சரிடே. இறங்கினதை யார் கணக்குப் போடுவா?" என்றார்.

மரத்தை விட்டுப் பதினாலு வருஷமாகியும் அவர் நெஞ்சில் இருந்த காய்ப்பு போகவே இல்லை. மரம் உரசி உரசி இரண்டு பக்கமும் தடித்துப்போன தோல். குளிப்பாட்டும்போது என் கை அதில் பட்டது. கருக்குமட்டை மாதிரி இருந்தது. சின்ன வயதில் அந்த நெஞ்சில் படுத்தால் குத்துகிறது என்று அழுவேனாம்.

சரி, நியாயத்தையும் பேசிவிடுகிறேன். பதநீர் காய்ச்சும் எங்கள் குடிசையிலும், அதாவது விடிலியிலும், ஒரு வருஷம் சீனி விழுந்திருக்கிறது. அக்கா கல்யாணத்துக்கு ஐயா ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். பருவம் பாதியில் அந்த ஆள் ஒரு மூட்டை சீனியைக் கொண்டுவந்து இறக்கினார். "எல்லோரும் போடுகிறார்கள், கடன் சீக்கிரம் கழியும்" என்றார். ஐயா ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் காய்ச்சினாள். கொதிக்கும் தாச்சியில் சீனியைக் கொட்டி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றினாள். அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பரணுக்கு ஒரு கருப்பட்டிகூட ஏறவில்லை. எங்களுக்குக் கொடுக்க ஐயா பக்கத்து விடிலியில் காசு கொடுத்து வாங்கினார். சீனி கலந்த ருசி அம்மாவுக்குத் தெரிந்தது அந்த வருஷம் காய்ச்சியதில்தான்.

ஆகவே காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் உத்தமர்கள், விற்கிறவர்கள்தான் கள்ளர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் பதநீர் காய வேண்டும். அதற்கு விறகு, ஆள், நாள் முழுக்க நெருப்பு. சீனியோ கிலோ ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. இதில் யாருக்குத்தான் சபலம் வராது? ஆனால் சீனி போட்டதை 'சுத்தமான பனங்கருப்பட்டி' என்று விற்பது சபலம் இல்லை அண்ணாச்சி, அது வேறு. கலந்ததும் அதே விலைக்குப் போகிறது என்றால், மழைக்காலத்தில் இளகிப்போகும் அசலை வைத்துக்கொண்டு ஒருவன் ஏன் பனையேற வேண்டும்? ஐயாவோடு ஏறிய பலர் பிள்ளைகளை மரத்துப் பக்கமே விடவில்லை. நானும் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பாக்கெட்டில் அடைத்த பண்டத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடிக்கச் சட்டமும் இருக்கிறது. நான் அதிகாரியிடம் போகவில்லை, உங்களிடம்தான் வருகிறேன். கலந்ததை விற்காதீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. 'சீனி கலந்தது' என்று எழுதி, அதற்குரிய விலைக்கு விற்றுக்கொள்ளுங்கள். அசலுக்கு அசலின் விலையைக் கொடுத்துக் காய்ச்சுகிறவர்களிடம் வாங்குங்கள். அப்புறம், கலந்த பாக்கெட்டில் பனையேறி படம் வேண்டாம். அந்தப் படத்தில் இருந்தவர் காலில் தளைநார்கூட இல்லை. தளைநார் போடாமல் ஐயா ஏறி நான் பார்த்ததில்லை.

வருகிற ஆவணியில் ஐயாவுக்குத் தலைத் திவசம். துட்டி வீட்டில் போட்ட அதே காப்பியை மறுபடியும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை மகனை அனுப்பமாட்டேன், நானே கடைக்கு வருவேன். கூட அம்மாவும் வருவாள். வாங்குவதற்கு முன்னால் ஒரு துண்டு உடைத்து அவள் கையில் கொடுங்கள்.