அவர்கள் விசுவாசத்தைக் கண்டு

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு,

இந்த மடலை எழுத எனக்கு எட்டு மாதம் பிடித்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பட்டியல் போட உட்கார்ந்தபோது ஒரு பக்கம் நிறைந்தது, மறுபக்கமும் நிறைந்தது. சிலருடைய பெயரே எனக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனை வராந்தாவில் குளிரில் உட்கார்ந்திருந்த என் தோளில் தன் போர்வையைப் போர்த்திவிட்டுப் பேசாமல் போன அந்த அம்மா யார்? ஆகவே எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். படிக்கும்போது இது உங்களைப் பற்றித்தான் என்று உங்களுக்கே தெரியும்.

என் கணவருக்கு வந்தது கணையப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஏற்கெனவே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. கணையம் வயிற்றுக்குள் ஆழத்தில் இருப்பதால் அங்கே வரும் கட்டி பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வெளியே தெரியும் என்று மருத்துவர் விளக்கினார். கண் மஞ்சளாக இருக்கிறதே என்று காட்டத்தான் நாங்கள் போயிருந்தோம். அன்றிலிருந்து 11 மாதம் அவர் எங்களோடு இருந்தார்.

அந்த மாதங்களில் முதல் பாதி முழுவதும் எனக்கு நம்பிக்கை என்றால் ஒன்றுதான்: இவர் பிழைப்பார். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் உபவாசமிருந்தேன். அறிக்கை வரும் நாளில் எந்த வசனம் கண்ணில் பட்டாலும் அதை எங்களுக்கான வாக்குத்தத்தமாக எடுத்துக்கொண்டேன். தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பதும் நம்பிக்கை. ஒருவர்மேல் முழுபாரத்தையும் சாய்த்துவிடுவதும் நம்பிக்கை. முதலாவதை இறுகப் பிடித்துக்கொண்டு, அதுதான் இரண்டாவது என்று நான் எண்ணியிருந்தேன். நான்காவது ஸ்கேனில் கட்டி குறையவில்லை, கூடியிருந்தது. அன்று என் கையிலிருந்து நழுவியது அந்த முதல் நம்பிக்கை. எல்லாமே நழுவிவிட்டது என்று நான் அழுதேன்.

அந்த வாரத்தில்தான் வீட்டுக்கு வந்த ஒருவர், "உங்க விசுவாசம் போதலை, வீட்டுல ஏதோ மறைஞ்ச பாவம் இருக்கு, ஆராய்ஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் யாரென்று எழுதப்போவதில்லை. அந்தச் சொல் அடுத்த அறையில் படுத்திருந்தவர் காதிலும் விழுந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். அன்றிரவு அவர் என்னிடம், "நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

போதகர் ஐயா, மறுநாள் நீங்கள் வந்தீர்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யோவான் 9-ஆம் அதிகாரத்தைத் திறந்து, பிறவிக் குருடனைக் குறித்து சீஷர்கள் கேட்ட அதே கேள்விக்கு ஆண்டவர் சொன்ன மறுமொழியை மட்டும் வாசித்தீர்கள்: "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." மூன்று முறை வாசித்தீர்கள். பிறகு பிரசங்கம் எதுவும் செய்யாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணிநேரம் இருந்தீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் அதுதான் நல்லது, வாய் திறந்த பிறகுதான் கெட்டது என்று வாசலில் விடைபெறும்போது சொன்னீர்கள். அந்த முக்கால் மணிநேரத்துக்கு நன்றி, ஐயா.

இன்னொன்றுக்கும் நன்றி. எரேமியா 29:11-ஐ எங்களுக்கு அனுப்பாதவர்கள் இல்லை. அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்ற அந்த வசனம் என் தொலைபேசியில் எத்தனை முறை வந்திருக்கும் என்று கணக்கில்லை. நீங்கள்தான் அதற்கு முந்தின வசனத்தையும் வாசிக்கச் சொன்னீர்கள். அதில் எழுபது வருஷம் என்றிருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. ஆனாலும் அந்த வாக்கு அவர்களுக்கும் உரியதாகத்தான் இருந்தது. நாம் கண்ணால் பார்க்காத ஒரு முடிவு நமக்கும் சொந்தமாக இருக்க முடியும் என்பது அன்றுதான் எனக்குள் இறங்கியது. என் கணவர் அதை என்னைவிட முந்திப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் தன் சுகத்துக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்டதை விட, பிள்ளைகளுக்காகக் கேட்டதுதான் அதிகம்.

வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு வந்த செவிலியர் சகோதரிக்கு நான் பட்ட கடன் பெரிது. மார்ஃபின் என்ற கடுமையான வலி மருந்தின் பெயரைக் கேட்டதும் நான் பயந்தேன். வலி பொறுக்க முடியாமல் போனால் மட்டும் கொடுக்கலாம் என்று ஒளித்து வைத்திருந்தேன். நீங்கள் ஒரு நோட்டில் கோடு போட்டு, நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை நேரத்தை எழுதி, "வலி வந்த பிறகு கொடுக்காதீங்கம்மா, வர்றதுக்கு முன்னாடியே கொடுங்க" என்றீர்கள். மலச்சிக்கல் வரும் என்று முன்கூட்டியே சொல்லி அதற்கும் மருந்து கொடுத்தீர்கள். கடைசி வாரங்களில் அவர் சாப்பாட்டைத் தள்ளியபோது நான் அழுது கெஞ்சினேன். உடம்புக்கு இனி அது தேவைப்படவில்லை, இது உங்கள் கவனக்குறைவு அல்ல என்று என் தோளைத் தொட்டுச் சொன்னீர்கள்.

மருந்தை நேரத்துக்குக் கொடுக்கும் இந்த முறையை வலியுறுத்திப் பரப்பியவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவப் பெண்மணி என்பதையும் உங்கள் வாயால்தான் கேட்டேன். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு மருத்துவமும் படித்து, 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கியவர். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் ஆத்துமாவிலும் இருக்கிறது, எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்று அவர் சொல்வாராம். அதைச் சொல்லிவிட்டு நீங்கள் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எங்கே வலிக்குது?" என்று கேட்டீர்கள். அந்தப் பதினொரு மாதத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான்.

எதிர்வீட்டு அக்காவுக்கு. நீங்கள் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல, எங்கள் விசுவாசமும் உங்களுடையது அல்ல. ஆனாலும் ஞாயிறு தவறாமல் காலையில் வந்து நின்றீர்கள். "நீ போயி உங்க சாமிய கும்பிட்டுட்டு வா, நான் தம்பிய பாத்துக்கறேன்" என்பீர்கள். நான் ஆராதனையில் உட்கார முடிந்த ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் கொடுத்தது. நான் கர்த்தரிடத்தில் எதையெல்லாம் பெற்றுக்கொண்டேனோ, அதற்கான கதவை உங்கள் கை திறந்து பிடித்திருந்தது.

ஜெபக்குழுச் சகோதரிகளே, நீங்கள் மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு இரவில் அழைத்ததை நான் பிறகுதான் கண்டுபிடித்தேன். ஒருநாள், என்னால் ஜெபிக்க முடியவில்லை, வாய் திறந்தால் கோபம்தான் வருகிறது என்றேன். மறுமுனையிலிருந்து வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நீ ஜெபிக்க வேண்டாம்மா. உன் பங்கையும் சேர்த்து நாங்க ஜெபிக்கிறோம். நீ படுத்துத் தூங்கு." நான் தூங்கினேன். போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்டு சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கும் முதலில் கிடைத்தது புத்திமதி இல்லை. தூக்கம், அப்பம், தண்ணீர்; மறுபடியும் தூக்கம், மறுபடியும் அப்பம். கர்த்தர் அவனோடு பேசியது நாற்பது நாளுக்குப் பிறகுதான்.

அவர் போன பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதுவது கடினம். அடக்கத்தன்று போதகர் 1 தெசலோனிக்கேயர் 4-ஐ வாசித்தார். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் சொல்கிறார், துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை என்றார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. மரித்த லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகுமுன் கண்ணீர் விட்ட ஆண்டவரை நான் அந்தக் குரலில் கேட்டேன்.

சபையில் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மூன்றாம் வாரம் ஒரு புது நோட்டும் பேனாவும் கொண்டுவந்தார். புலம்பல் புத்தகத்தைப் பற்றிப் பேசினார். எருசலேம் இடிந்து எரிந்த பிறகு எழுதப்பட்ட அதில் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய எழுத்து வரிசையில் அமைந்தவை. அந்த மொழிக்கு 22 எழுத்து. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66 வசனம். "துக்கத்துக்கு ஒரு முதலும் முடிவும் தெரியாம தவிக்கிறவங்களுக்கு, முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் அழுது தீருங்கன்னு வழி போட்டுக் கொடுத்திருக்கு. நீங்களும் அகரத்துல தொடங்குங்கம்மா" என்றார்.

தொடங்கினேன். அ: அவர் செருப்பு இன்னும் வாசலில் இருக்கிறது. ஆ: ஆண்டவரே, ஏன்? ஊ-வுக்கு, ஊமைபோல இருக்கிறீரே என்று எழுதிவிட்டுப் பயந்து அடிக்கப் போனேன். சங்கீதங்களில் இதைவிடக் கடுமையாகக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைவு வந்து விட்டுவிட்டேன். எண்பத்தெட்டாம் சங்கீதம் விடியலே இல்லாமல் முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. ஔ-வுக்குப் பள்ளியில் படித்த ஔடதம் என்ற சொல் மட்டும்தான் வந்தது. பதினொரு மாதம் மாத்திரை எண்ணியவளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ஔடதம் தோற்றது என்று எழுதி நோட்டை மூடினேன். ஆசிரியர் ஐயா, நீங்கள் அதை வாசித்துவிட்டு எதையும் திருத்தவில்லை. "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வார்த்தைகள் அந்தப் புலம்பலின் நட்டநடுவில் இருக்கின்றன, அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குப் பின் அந்த வசனத்தை நான் வேறு விதமாக வாசிக்கிறேன். அழுது முடித்தவர் சொன்னதாக அல்ல, அழுதுகொண்டே சொன்னதாக.

என் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு அவள் ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள். வாலிபர் குழுவை நடத்தும் தங்கையே, நீ வாரம் இரண்டு மாலை வந்து அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஒருமுறைகூட, ஏன் சபைக்கு வரவில்லை என்று கேட்கவில்லை. இப்போது அவள் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்கிறாள். பாடுவதில்லை. சில நாள் உதடு அசைகிறது. அதற்குமேல் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை, நீயும் அவசரப்படவில்லை. அந்தப் பொறுமைக்கு உனக்கு நன்றி.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். சிறுவயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்ற சொற்கள் இந்த ஆண்டுதான் என்னை நிறுத்தின. படுக்கையில் கிடந்தவனுக்கு விசுவாசம் இருந்ததா, இல்லையா? அங்கே எழுதப்படவில்லை. ஆண்டவர் கண்டது தூக்கி வந்தவர்களுடையதையும் சேர்த்துத்தான். உன் விசுவாசம் போதாது என்று என்னிடம் சொன்னவருக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். ஆமாம், போதவில்லை. நான் நடக்கவில்லை, சுமந்து கொண்டுவரப்பட்டேன்.

அவர் பிழைப்பார் என்ற நம்பிக்கை அவரோடு அடக்கமாயிற்று. பேதுரு "ஜீவனுள்ள நம்பிக்கை" என்று எழுதுகிறாரே, இயேசு மரித்தோரிலிருந்து எழுந்ததினாலே வந்தது என்று, அது அடக்கமாகவில்லை. அது என் மனநிலையைப் பொறுத்திருக்கவில்லை. ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு காலைப்பொழுதின்மேல் நிற்கிறது. இன்னும் சில இரவுகள் மோசமாகவே இருக்கின்றன. காலையில் எழுந்திருக்கிறேன்.

கல்லறைக் கல்லில் என்ன போடலாம் என்று பிள்ளைகளைக் கேட்டேன். ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் நங்கூரம் செதுக்கியிருப்பதை மகன் ஒரு புத்தகத்தில் பார்த்திருந்தான். எபிரெயர் 6-இல் நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்று சொல்லியிருப்பதைக் காட்டினேன். அவனே பென்சிலால் வரைந்து கொடுத்தான். ஒரு பக்கக் கொக்கி கொஞ்சம் கோணல். திருத்த வேண்டாம், அப்படியே செதுக்குங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.

வருகிற மாதம் முதல் சனிக்கிழமை காலை கல்லை வைக்கிறோம். எதிர்வீட்டு அக்கா, செவிலியர் சகோதரி, நீங்களும் வர வேண்டும். போர்வை கொடுத்த அம்மா, இது எப்படியாவது உங்கள் கண்ணில் பட்டால், நீங்களும். போர்வை துவைத்து மடித்து பத்திரமாக இருக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் சகோதரி