நிற்கிற லாரியும் புகைக்கிறது

ஆசிரியருக்கு,

வாரம் ஒருநாள் வண்டிகளை நிறுத்தினால் ஊரடங்குக் காலத்துக் காற்று திரும்பிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். 2020 மார்ச் 25-க்குப் பிறகு நடந்தது அத்தனை எளிய கணக்கல்ல.

நைட்ரஜன் டை ஆக்சைடு மளமளவென இறங்கியது உண்மை. காற்றில் சில மணி நேரமே தங்கும் வாயு அது. ஆனால் சில நகரங்களில் தரைமட்ட ஓசோன் ஏறியது. வண்டிப் புகையின் நைட்ரிக் ஆக்சைடுதான் அதைத் தின்றுகொண்டிருந்தது. புகை நின்றதும் தின்ன ஆளில்லை. கார்பன் டை ஆக்சைடோ குறையவே இல்லை: ஹவாயின் மவுனா லோவா ஆய்வகத்தில் அந்த மே மாதச் சராசரி 417 பிபிஎம் (பத்து லட்சத்தில் 417 பங்கு), அதுவரை காணாத உச்சம்.

உடனே குறைவது காற்றில் நெடுநேரம் தங்காத புகைதான். ஆகவே செங்கோட்டைப் பக்கம் பார்க்க வேண்டியது ஓடும் வண்டியை அல்ல. கேரள எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச் சாவடியில், எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றி, எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கும் டாரஸ் லாரிகளை. ஒரு லாரிக்கு மணிக்கு 2 முதல் 3 லிட்டர் டீசல் வீணாகிறது. 'பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிதானே' என்பார்கள். அதில் நைட்ரஜன் ஆக்சைடை அடக்குவது யூரியா கரைசல். புகைக்குழாய் சுமார் 200 டிகிரி சூடேறினால்தான் அது பீய்ச்சும். சும்மா உறுமும் எஞ்சினில் அந்தச் சூடு நிற்காது. டேங்க் நிறைய யூரியா இருந்தும் பயனில்லை.

ஓட்டுநரைக் குறை சொல்லவும் முடியாது. வரிசை அங்குலம் அங்குலமாக நகர்கிறது. ஏர் லீக் உள்ள பழைய வண்டியை அணைத்தால் பிரேக்குக்குக் காற்று நிற்காது. டோக்கன் கொடுத்துப் பத்துப் பத்து வண்டியாக அழைத்தால் மற்றவர்கள் தைரியமாக அணைப்பார்கள். எஸ் வளைவில் பறக்கும் தூசிக்குத் தார்ப்பாய் மட்டும் போதாது. ஈர மணல் வழிநெடுகச் சொட்டி, காய்ந்து, டயரில் அரைபடுகிறது. தண்ணீர் வடிந்த பிறகே லோடு கிளம்ப வேண்டும்.

கையடக்கக் கருவியால் தூசி அளப்பவர்கள் கவனிக்க: சாரல் நாளில் ஈரப்பதம் 85 சதவீதம் தாண்டினால் துகள் நீரேறிப் பருக்கும், கருவி கூட்டிக் காட்டும். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு, வாயுவைத் தானே ஈர்த்துச் சேர்க்கும் மலிவான சிறு குழாய்களே (டிஃப்யூஷன் டியூப்) மேல். தரையிலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில், சாவடியருகே ஒன்று, காற்று வரும் கோட்டைவாசல் பக்கம் சாலையை விட்டுத் தள்ளி ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்கத் திறக்காத குழாய் ஒன்றையும் சேர்த்துச் சோதனைக்கு அனுப்புங்கள். கிடைப்பது இரண்டு வாரச் சராசரி. அதை இந்தியாவின் 24 மணி நேர வரம்பான, கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராமுடன் ஒப்பிட்டு நிம்மதி அடைய வேண்டாம். ஆண்டு வரம்பான 40-உடன் பாருங்கள்.

– வாசகர், செங்கோட்டை