ஒற்றைக் காதில் ஊதிய சங்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025இல் வெளிவந்த மேற்கத்திய ஆல்பங்களைப் பற்றி உங்கள் இசைப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு வரி. நல்ல ஹெட்ஃபோன் இல்லாமல் இவற்றைக் கேட்பவர்கள் கேட்டதாகவே கணக்கில்லையாம். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வலது காது கேட்காது. ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது, போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது வயது 58. ராக், பாப், ஹிப் ஹாப் என்று நான் கேட்டதெல்லாம் இந்த ஒற்றை இடது காதில்தான்.

அதனால் சில வேடிக்கைகளும் நடந்திருக்கின்றன. கல்லூரி நாளில் நண்பன் ஒருவன் பீட்டில்ஸின் 1963ஆம் வருடப் பாடல்களைக் கேசட்டில் பதிந்து கொடுத்தான். வாக்மேனில் போட்டுக் கேட்டேன். கிதார் வருகிறது, டிரம்ஸ் வருகிறது, பாட்டுக்காரர்களைக் காணோம். தூரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல ஏதோ கேட்டது, அவ்வளவுதான். வாத்திய இசை போலிருக்கிறது என்று இரண்டு நாள் ரசித்துவிட்டு, "இவர்கள் பாடவே மாட்டார்களா?" என்று அவனிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். அந்தக் காலத்து ஸ்டீரியோவில் வாத்தியங்களை இடப்பக்கமும் குரலை வலப்பக்கமும் வைத்துவிடுவார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இயர்ஃபோனை மாற்றி மாட்டியதும் பாட வந்துவிட்டார்கள், வாத்தியம் போய்விட்டது.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஃபோனின் அமைப்புகளுக்குள் மோனோ ஆடியோ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் இடம், வலம் இரண்டையும் கூட்டி ஒரே காதில் ஊற்றிவிடும். ஆனால் கூட்டும்போது எல்லாமே அப்படியே வருவதில்லை. பாடும் குரல், பேஸ், கிக் டிரம் ஆகியவற்றைப் பெரும்பாலும் நடுவில் வைத்திருப்பார்கள். அவை கெட்டியாக நிற்கும். பாட்டை அகலமாகக் காட்டுவதற்காக இரு பக்கமும் விரித்த சத்தங்கள்தான் சுருங்கும். ஒரே ஒலி ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்குமாறு செய்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டுக் காணாமலே போகும். சும்மா பளபளப்புக்காகச் சேர்த்ததெல்லாம் இப்படிக் கழிந்து, மெட்டும் குரலும் தாளமும் மிஞ்சும். என் காது ஒரு வடிகட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கட்டுரையாளர் நட்சத்திரம் போட்ட ஆல்பங்களில் ஐந்தை அதில் வடிகட்டிப் பார்த்தேன்.

முதலில் கிளிப்ஸ் என்ற ராப் ஜோடி. புஷா டி, மாலிஸ் என்ற அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து 16 வருடம் கழித்துப் போட்ட ஆல்பம், 'லெட் காட் சார்ட் எம் அவுட்', ஜூலையில் வந்தது. 13 பாடல்கள், இசை முழுக்க ஃபாரெல் வில்லியம்ஸ். உங்கள் கட்டுரை இதற்கு ஒதுக்கிய பத்தி முழுவதும் யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த வரி யாரைக் குத்துகிறது என்பதிலேயே தீர்ந்துவிட்டது. முதல் பாடலைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு ஆல்பமே அந்த முதல் பாடல்தான். அவர்களுடைய அம்மாவும் அப்பாவும் சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். முதல் சரணத்தில் தம்பி அம்மாவைப் பற்றிச் சொல்கிறார். அம்மா தன் கடைசி வேலைகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருக்கிறார். மகன் தன்னைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா சொல்ல வந்ததைக் காதில் வாங்கவில்லை. இரண்டாவது சரணத்தில் அண்ணன். வாசலில் அப்பாவின் கார் நிற்கிறது, ஆள் வீட்டில்தான் இருக்கிறார், கதவைத் தட்டினால் பதில் இல்லை. அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன். மறுபடி உட்கார்ந்து கேட்க அரை மணி நேரம் ஆனது. இதற்கு எந்த ஹெட்ஃபோன் வேண்டும்? ராப் பாட்டில் சொல் தெளிவாக விழுந்தால் போதும். இருவரும் ஒரு சொல்லைக்கூட மென்று விழுங்குவதில்லை. மோனோவில் குரல் இன்னும் ஓரடி முன்னால் வந்து நிற்கிறது. நடுவில் சில பாடல்களில் பணம், பெருமை என்று அதே பழைய பாட்டுத்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

'டைலர், தி கிரியேட்டர்' என்ற பெயரில் பாடும் ராப் பாடகரின் 'டோன்ட் டாப் தி கிளாஸ்' அரை மணிக்கும் குறைவு, 10 பாடல். எல்லோரும் வெள்ளிக்கிழமை வெளியிடுவார்கள், இவர் திங்கட்கிழமையில் வெளியிட்டார். உடம்பை அசைக்கணும் என்று ஆரம்பத்திலேயே உத்தரவு போட்டுவிடுகிறார். அசைத்தேன். முட்டி வலித்தது. வேறொன்றும் சொல்வதற்கில்லை, நல்ல ஆல்பம்.

டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்' அக்டோபர் 3 அன்று வந்தது. அமெரிக்காவில் விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்த முதல் வாரக் கணக்கு 40 லட்சத்தைத் தாண்டி, பாடகி அடெல் 2015இல் வைத்த சாதனையை முறியடித்தது. கட்டுரையாளர் அந்தக் கணக்கிலேயே மயங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். இசைத் தயாரிப்பாளர்கள் மாக்ஸ் மார்ட்டினும் ஷெல்பேக்கும் உடனிருந்து செய்த 12 பாடல்கள். இந்த இருவரின் கைவேலை எந்த ஓட்டை ஸ்பீக்கரிலும் கேட்கும் என்பது எனக்குப் பல வருட அனுபவம். மெட்டு நடுவில் ஆணி அடித்தது போல நிற்கும். இதிலும் 'ஓபலைட்' அப்படித்தான் நிற்கிறது. ஆனால் ஆல்பத்தின் பின்பாதியில் மெட்டு இளைத்துவிடுகிறது, சொல்தான் சதை போடுகிறது. இரண்டாம் தடவை கேட்டபோது எட்டாவது பாட்டுக்கு மேல் என் கை தானாகவே அடுத்த பாட்டைத் தேடியது. நான் அவருடைய பழைய ரசிகன், வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ராக்கில்தான் என் காது தோற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ராக் ஆல்பங்களில் ஒரே கிதார்ப் பகுதியை இரண்டு முறை வாசித்துப் பதிந்து, ஒன்றை இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் வைப்பது வழக்கம். அந்த இரண்டுக்கும் நடுவில் பாடகருக்கு இடம் கிடைக்கும். மோனோவில் இரண்டு கிதாரும் பாடகரின் தலைமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜூன் மாதம் வந்த, டர்ன்ஸ்டைல் என்ற ஹார்ட்கோர் (வேகமும் கத்தலுமான ராக்) குழுவின் 'நெவர் எனஃப்' இப்படித்தான் என்னைப் படுத்தியது. பாடகர் கத்துகிறார், என்ன கத்துகிறார் என்று தெரியவில்லை. சரி, வயதாகிவிட்டது என்று மூடிவைக்கப் போனேன். அப்போது 'சன்ஷவர்' வந்தது. வழக்கம் போல இரைச்சல். திடீரென்று கதவைச் சாத்தியது போல இரைச்சல் நின்று, கீழே மெதுவாக சிந்தசைசர், அதன்மேல் ஒரு புல்லாங்குழல். ஹார்ட்கோர் கூட்டத்தின் நடுவில் புல்லாங்குழலை எதிர்பார்க்கவில்லை. ஜாஸ் கலைஞர் ஷபாகா வாசித்திருக்கிறார். அவருக்காகவே ஆல்பத்தை நாலு தடவை கேட்டேன், நாலாவது தடவை கத்தலும் பிடித்துப்போனது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2025 ஜூனில் மறைந்த, பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனுக்கும் என்னைப் போலவே வலது காது ஏறக்குறைய கேட்காது. அவர் 1966இல் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை மோனோவில்தான் கலந்தார். முறையான ஸ்டீரியோ வடிவம் வர 1990களின் பிற்பகுதி ஆகிவிட்டது. பாப் இசையின் உச்சங்களில் ஒன்று என்று எல்லோரும் கொண்டாடும் ஆல்பத்தைச் செய்தவரே இரண்டு காதால் கேட்டதில்லை. உங்கள் கட்டுரையாளரின் கணக்குப்படி அவர் தன் ஆல்பத்தைத் தானே கேட்டதில்லை!

கடைசியாக, நவம்பரில் வந்த ஸ்பெயின் பாடகி ரோசலியாவின் 'லக்ஸ்'. லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா, பத்துக்கு மேற்பட்ட மொழிகள், நான்கு பகுதிகள். 'பெர்கைன்' பாட்டில் வயலின்கள் பாய்ந்து வர, கூட்டுக்குரல் ஜெர்மன் மொழியில் எழுகிறது. என் காதில் எல்லாம் ஒரே சுவராக விழுந்தது. பெரிய சுவர், அழகான சுவர், ஆனால் எங்கே கதவு என்று தெரியவில்லை. அக்கா மகளைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, எது எங்கேயிருந்து வருகிறது என்று சொல்லு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "வயலின் எல்லாம் இந்தப் பக்கம் மாமா" என்று இடது கையை ஆட்டினாள். கூட்டுக்குரல் வந்ததும் இரண்டு கையையும் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ரோசலியா பாடத் தொடங்கியதும் ஒரு விரலை எடுத்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்தாள். உடன் பாடும் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் குரல் வந்தபோது விரலைத் தூக்கி மேலே காட்டினாள். அதற்குப் பிறகு நான் ஒற்றைக் காதில் அதே பாட்டைப் போட்டு, அவள் கை போன இடங்களை நினைத்துக்கொண்டு கேட்டேன். சுவரில் ஒரு கதவு திறந்தது. ஐந்தில் இதுதான் மிகச் சிறந்தது. இதை எழுதியவனுக்கு அதில் பாதிதான் கேட்டிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்கள் கட்டுரையாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை நட்சத்திரம் போடுவதற்கு முன்னால் எதில் கேட்டேன், எத்தனை தடவை கேட்டேன் என்று ஒரு வரி சேர்க்கட்டும். ஹெட்ஃபோனில் கேட்ட பிறகு, அதே ஆல்பத்தை ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டு அடுத்த அறையில் உட்கார்ந்தும் கேட்கட்டும். பெரும்பாலானவர்கள் பாட்டுக் கேட்பது அப்படித்தான், வேலைக்கு நடுவில், ஒரு பக்கமாக. சண்டைச் செய்திகளைக் குறைத்து அந்த இடத்தில் பாட்டைப் பற்றி எழுதினால் இன்னும் நல்லது.

'லக்ஸ்' ஆல்பத்தின் நான்காம் பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது. அக்கா மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்